எழுத்து அட்டவணை வாசிப்பும் சொற்பொருள் பயிற்சியும்

தொடக்கப் பள்ளியில் தமிழ் வாசிக்கக் கற்பதற்கு இரண்டு பயிற்சிகள் அடிப்படையாக உள்ளன. ஒன்று, வகுப்பறைச் சுவரில் மாட்டப்பட்டுள்ள எழுத்து அட்டவணைகளையும் சொல் அட்டவணைகளையும் பார்த்து வாசித்தல். மற்றொன்று, வாசித்த சொல்லின் பொருளை அறிந்து பயன்படுத்துதல். முதலாவது எழுத்தையும் ஒலியையும் இணைக்கிறது. இரண்டாவது சொல்லையும் பொருளையும் இணைக்கிறது.

தமிழில் எழுத்துக்கூட்டத் தெரிந்த குழந்தை, பொருள் தெரியாத சொல்லையும் தடையின்றி வாசித்துவிடும். அதனால், சரளமாக வாசிக்கும் குழந்தைக்குப் பாடமும் புரிந்துவிட்டது என்று பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிவிட வாய்ப்புண்டு. அந்தக் குறை தெரியாமலேயே குழந்தை மேல் வகுப்புக்குச் சென்றால், கணக்கு, அறிவியல் பாடங்களிலும் வினாவைப் புரிந்துகொள்ள இயலாமல் தடுமாறும். எனவே இவ்விரு பயிற்சிகளையும் சேர்த்தே நடத்த வேண்டியுள்ளது.

வரலாறு

திண்ணைப் பள்ளிகளில் மாணவர்கள் மணலில் விரலால் எழுதி, எழுத்தை உரக்கச் சொல்லிக் கற்றனர். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் வழக்கத்தையும் மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு கையாண்டார். பின்னர் இங்கிலாந்தில் இது மெட்ராஸ் முறை என்ற பெயரில் பரவியது.

சொற்பொருளைக் கற்க நிகண்டுகள் மனப்பாடம் செய்யப்பட்டன. அவை செய்யுள் வடிவில் அமைந்தவை. 1732-இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி, சொற்களை அகரவரிசையில் தேடிப் பார்க்கும் வழியைத் தந்தது. 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற எழுத்துகளின் வடிவம் மற்ற எழுத்துகளைப் போல ஒழுங்குபெற்றது.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறையில் அட்டைகள் முக்கிய இடம்பெற்றன. 2022-இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகள் அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டுக் கற்கின்றனர்.

எழுத்து அட்டவணையை வாசித்தல்

12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம் எனத் தமிழ் எழுத்துகள் 247. அட்டவணையில் மெய் வரிசையும் உயிர் வரிசையும் சந்திக்கும் கட்டத்தில் உயிர்மெய் எழுத்து இருக்கும். இந்த அமைப்பு விளங்கினால் 216 எழுத்துகளையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எனினும் சில இடங்கள் குழந்தைக்குக் கடினமானவை. கெ, கே, கை ஆகியவற்றில் உயிர்க்குறி முன்னால் எழுதப்படுகிறது. ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ ஆகியவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. கு, சு, து, மு ஆகியவற்றில் உகரக்குறி ஒரே வடிவில் இல்லை. மேலும் கல், தங்கம், பகல் ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது.

க, கா, கி, கீ என்று வரிசையாகப் பாட்டுப்போலச் சொல்லும் குழந்தை, நடுவிலுள்ள கீ என்ற எழுத்தை மட்டும் காட்டினால் தயங்கலாம். அக்குழந்தை எழுத்தைப் பார்த்து வாசிக்கவில்லை, நினைவிலிருந்து சொல்கிறது. இதைத் தவிர்க்க மேலிருந்து கீழாகவும் வலமிருந்து இடமாகவும் வரிசை மாற்றியும் வாசிக்கச் செய்யலாம். ப, ட, ம, ட், ம் ஆகிய எழுத்துகளைக் கொண்டு படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களை அமைக்கச் சொல்லலாம்.

சொற்பொருள் பயிற்சி

அருஞ்சொற்பொருள் பட்டியலை மனப்பாடம் செய்வது மட்டும் போதாது. புரவி என்பதற்குப் பரி என்று எழுதும் குழந்தைக்கு இரண்டுமே தெரியாமல் இருக்கலாம். குதிரையின் படத்தைக் காட்டினால் பொருள் உடனே விளங்கும். வினைச்சொற்களைச் செய்து காட்டலாம். உவகை போன்ற சொற்களைச் சொற்றொடரில் வைத்து விளக்கி, குழந்தையையும் ஒரு சொற்றொடர் அமைக்கச் சொல்லலாம்.

ஒரே சொல் பல பொருள் தருவதையும் காட்ட வேண்டும். பாடத்தைப் படி, மாடிப்படி, ஒரு படி அரிசி ஆகியவற்றில் படி என்ற சொல்லின் பொருள் இடத்துக்கேற்ப மாறுகிறது. வலி, வழி, வளி போன்றவற்றில் ஓர் எழுத்து மாறினாலே பொருள் மாறிவிடும்.

வீட்டுச் சொல்லும் பாடநூல் சொல்லும் வேறாக இருப்பதும் கவனிக்கத்தக்கது. துடைப்பம் என்ற பாடச் சொல்லுக்கு, வாரியல் அல்லது விளக்குமாறு என்று குழந்தை சொல்லலாம். அதைத் தவறு என்று தள்ளினால், விடை தெரிந்த குழந்தையும் வாய் திறக்கத் தயங்கும். வீட்டுச் சொல்லை முதலில் ஏற்று, அதனருகே நூற்சொல்லை எழுதுவதே பயன் தரும். வீட்டில் தெலுங்கு, உருது போன்ற மொழிகளைப் பேசும் குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

அகராதியைப் பார்க்கும் பருவத்தில் எழுத்து அட்டவணை மீண்டும் உதவுகிறது. உயிர், ஆய்தம், பின்னர் ககர வரிசை முதலியவை என்பதே அகராதியின் ஒழுங்கு. புள்ளி வைத்த மெய் முன்னால் வருவதால், அகல் என்ற சொல்லுக்கு முன்பே அக்கா என்ற சொல் இடம்பெறும்.

புரிதலை அறிதல்

ஒரு சிறு பத்தியைக் கொண்டே குழந்தையின் நிலையை அறியலாம். எடுத்துக்காட்டு: "மாலையில் மழை பெய்தது. செல்வி குடையைப் பள்ளியிலேயே மறந்துவிட்டாள். நனைந்தபடியே வீடு திரும்பினாள்."

1. செல்வி எதை மறந்தாள்?
2. அவள் ஏன் நனைந்தாள்?
3. இங்கு மாலை என்பது பூமாலையா, பொழுதா?

முதல் வினாவுக்கான விடை பத்தியிலேயே உள்ளது. இரண்டாவதற்கு இரு செய்திகளை இணைக்க வேண்டும். மூன்றாவது சொற்பொருளைச் சோதிக்கிறது.

வாசிக்கும்போதே எழுத்தில் தடுமாறும் குழந்தைக்கு, ஆசிரியர் பத்தியை வாசித்துக் காட்டி அதே வினாக்களைக் கேட்கலாம். சரியான விடை வந்தால், அக்குழந்தைக்குத் தேவை எழுத்துப் பயிற்சியே. புரியும் திறனில் குறையில்லை. நன்றாக வாசித்தும் விடை சொல்லாத குழந்தையை மீண்டும் அட்டவணை வாசிக்கச் செய்வதால் பயனில்லை. அக்குழந்தைக்குக் கதை கேட்டல், உரையாடல், சொற்பொருள் பயிற்சி ஆகியவையே தேவை.