ஜீனா, உழைப்பா? தம்பி கேட்ட கேள்விக்குச் சில குறிப்புகள்

பொங்கலுக்கு ஆரணிக்குப் போயிருந்தப்ப தம்பி ஒரு கேள்வி கேட்டான். எட்டு மாசமா ஜிம்முக்குப் போறான். அவனோட ஒரே நாள்ல சேர்ந்த நண்பன் சட்டை சைஸ் மாத்திட்டான். இவன் அதே 58 கிலோ. ஜிம்மில் யாரோ ஒருத்தர், "உனக்கு ஜீன் சரியில்லப்பா, ஊசி போட்டாத்தான் வேலைக்கு ஆகும்"னு சொல்லியிருக்கார். "அண்ணா, நெசமா? ஆமான்னா சொல்லு. விட்டுடறேன், இல்ல போட்டுக்கறேன்."

"ஜீனெல்லாம் சும்மாடா, உழைப்புதான் எல்லாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அது தப்பான பதில் என்று இரண்டு வாரம் படித்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அவன் கண்ணால் பார்த்த வித்தியாசம். அது கற்பனை இல்லை. 2005-ல் அமெரிக்காவில் மோனிகா ஹ்யூபல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 585 பேர், ஆணும் பெண்ணுமாக, 12 வாரம் ஒரே மாதிரி கைப்பயிற்சி செய்தார்கள். அதிகம் புழங்காத கைக்கு மட்டும் பயிற்சி. முடிவில் புஜத்தசையின் பருமன் ஒருவருக்கு 59 சதவீதம் கூடியிருந்தது. இன்னொருவருக்கு 2 சதவீதம் குறைந்திருந்தது. வலிமை சிலருக்கு ஏறவே இல்லை, ஒருவருக்கு 250 சதவீதம் ஏறியது. இதில் அளவீட்டுப் பிழையும் கொஞ்சம் கலந்திருக்கும், 12 வாரத்தில் தூக்கம் சாப்பாடு எல்லாம் மாறியிருக்கும். அதையெல்லாம் கழித்தாலும் மிச்சம் பெரியது. பெரும்பாலானவர்கள் நடுவில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். இரண்டு ஓரங்களிலும் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஏன் இப்படி? அலபாமா பல்கலைக்கழகத்தில் மார்காஸ் பாமன் குழு 2008-ல் ஒரு காரணத்தைக் காட்டியது. 66 பேருக்கு 16 வாரம் பயிற்சி கொடுத்து, தொடைத்தசையில் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். 17 பேருக்கு தசைநார் நன்றாகப் பெருத்தது, 32 பேருக்கு மிதமாக, 17 பேருக்கு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நன்றாகப் பெருத்தவர்களுக்குப் பயிற்சி தொடங்கும் முன்பே 'சாட்டிலைட் செல்'கள் அதிகம் இருந்தன, பயிற்சியில் இன்னும் பெருகின. தசைநார் மேல் ஒட்டிக்கொண்டு இருக்கும் இந்தச் செல்கள், தசை வளரும்போது புது உட்கருக்களைக் கொடுக்கும். அதாவது சரக்கு முன்கூட்டியே சிலரிடம் கூடுதலாக இருக்கிறது. நண்பன் இவனைவிடக் கடுமையாக உழைத்தான் என்று நினைக்க வேண்டியதில்லை.

அப்போ எல்லாம் ஜீன்தானா? இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், தசை வலிமையில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபு வழியானது என்று வருகிறது. இந்த 'பாதி'யைத்தான் எல்லாரும் தப்பாகப் படிக்கிறார்கள். உன் தசையில் பாதி ஜீன் கட்டியது, பாதி நீ கட்டியது என்று அர்த்தம் இல்லை. நம்ம ஊர் ஆளுக்குச் சொல்வதென்றால், ஒரு புடவையைக் காட்டி இதில் பாவு எத்தனை சதவீதம், ஊடை எத்தனை சதவீதம் உழைத்தது என்று கேட்கவே முடியாது. இரண்டும் இல்லாமல் துணி இல்லை. ஆனால் நூறு புடவைகளை அடுக்கி, ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசத்துக்குப் பாவு எவ்வளவு காரணம் என்று கேட்கலாம். எல்லாரும் ஒரே ஊடை போட்டிருந்தால் வித்தியாசம் முழுக்கப் பாவினால்தான் தெரியும். வேறு வேறு ஊடை போட்டால் அதே பாவின் பங்கு குறைந்துவிடும். மரபுப் பங்கு என்கிற எண்ணும் அப்படித்தான், ஆட்களும் சூழலும் மாறினால் அதுவும் மாறும். தம்பி ஒருத்தனைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

குடும்பத்தில் ஓடுவதெல்லாம் ஜீனும் இல்லை. பக்கத்து வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கத்தை எடுத்துக்கலாம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம். 2018 கோல்டுகோஸ்டில் 317 கிலோ, மறுபடி தங்கம். அவர் அப்பாவும் பளு தூக்குபவர். ரத்தத்தில் வந்தது என்று சொல்லலாம்தான். ஆனால் அப்பா பையனுக்குக் கொடுத்தது ஜீன் மட்டுமா? சின்ன வயதிலேயே பார்பெல்லைப் பிடிக்கத் தெரிந்த கை, தப்பாகத் தூக்கினால் திருத்த வீட்டிலேயே ஒரு ஆள், இதுவும் ஒரு வாழ்க்கை என்கிற நம்பிக்கை. "நெசவு எங்க ரத்தத்துலயே இருக்கு"ன்னு எங்க தெருவிலும் சொல்வாங்க. தறிச்சத்தத்தில் தூங்கி எழுந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் ரத்தம் என்கிறோம். சதீஷிடம் இரண்டும் இருந்திருக்கும். பிரித்துப் பார்க்க வழியில்லை.

'உழைப்பு' என்ற சொல்லிலும் எனக்கு ஒரு சிக்கல். எங்க அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்தவர். ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு மிதி. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் மிதி என்று அவரே எண்ணியதில்லை. உழைத்தால் தசை வளரும் என்றால் அவர் தொடை சதீஷின் தொடை மாதிரி இருக்கணும். மெல்லிசான கால்தான். உழைப்பு குறைவு என்பதாலா? இல்லை, தறி மிதி நேற்றும் அதே கனம், இன்றும் அதே கனம். அந்தக் கனத்துக்குக் கால் என்றைக்கோ பழகிவிட்டது. அதன்பின் தசை பெருக்கக் காரணமில்லை, களைக்காமல் நீடிக்கத்தான் பழகும். குறைந்த எடையிலும் தசை வளரும்தான், ஆனால் இனி ஒரு முறைகூட முடியாது என்கிற நிலை வரை போகணும். தறியில் யாரும் அப்படி மிதிப்பதில்லை, மிதித்தால் அடுத்த நாள் வேலைக்கு ஆகாது.

ஒரே ஜீன் இருந்தும் வேலையின் தன்மை தசையை எப்படி மாற்றும் என்பதற்கு 2018-ல் வந்த ஒரு கட்டுரை நல்ல உதாரணம். 52 வயது ஒத்த இரட்டையர். ஒருவர் 30 வருஷமாக ஓடுகிறவர், இன்னொருவர் அப்படி எதுவும் செய்யாதவர். ஓடியவரின் தொடையில் மெதுவாக இயங்கும் நார்கள் 90 சதவீதத்துக்கும் மேல். சகோதரருக்கு சுமார் 40.

தம்பியிடம் விசாரித்தேன். எட்டு மாசமா அதே 10 கிலோ டம்பெல், அதே மூணு செட். தறி மிதிக்கிற மாதிரியே ஜிம் போயிருக்கான்.

சாப்பாடு இன்னும் மோசம். எடைப்பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் வரை பலன் இருக்கிறது என்கிறது 2018-ன் ஒரு தொகுப்பாய்வு. (ஐ.சி.எம்.ஆர். சாதாரண ஆளுக்குச் சொல்வது 0.83.) 58 கிலோவுக்கு 93 கிராம் வருது. அம்மாவோட உட்கார்ந்து கணக்குப் போட்டா இவன் சாப்பிடறது 45-ஐத் தாண்டல. பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போன ஊர், மூணு வேளையும் அரிசிதான். நூறு கிராம் அரிசியில ஏழு கிராம் புரதம்.

ஒரு இடத்தில் ஜிம் ஆள் சொன்னதில் உண்மை உண்டு. நம் உடம்பு தசை குறைவான உடம்பு. புனேவின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004-ல் லான்செட்டில் தங்கள் இருவர் படத்தையும் போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. கொழுப்பு, யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. 2019-ல் எம்மா பொமராய் குழு பழைய எலும்புகளை அளந்து, தெற்காசியர்களின் இந்தக் குறைந்த தசை 11,000 வருஷம் வரை பின்னால் போகிறது என்றது. ஆனால் நண்பனும் இதே ஆரணிக்காரன், அதனால் இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு இது பதிலாகாது. எச்சில் பரிசோதனையில் 'ஸ்பீடு ஜீன்' பார்க்கலாமா என்றும் கேட்டான். ஏ.சி.டி.என்.3 என்கிற அந்த ஜீன் வேறுபாட்டில் இரண்டு மூன்று சதவீதத்தைத்தான் விளக்கும். அந்தப் புரதமே உடம்பில் இல்லாத ஒரு ஸ்பெயின்காரர் நீளம் தாண்டுதலில் இரண்டு ஒலிம்பிக் போயிருக்கிறார். காசு மிச்சம்.

ஊசி விஷயம்தான் எனக்குப் பயம். அது வேலை செய்யாது என்று பொய் சொல்லக் கூடாது. 1996-ல் ஷலேந்தர் பாசின் குழு 43 ஆண்களை வைத்துச் செய்த சோதனையில், வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், 10 வாரம். பயிற்சியே செய்யாமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்குக் கொழுப்பில்லா எடை 3.2 கிலோ ஏறியது. ஊசி இல்லாமல் பயிற்சி செய்தவர்களுக்கு 1.9தான். இரண்டும் செய்தவர்களுக்கு 6.1. நாம் ஜீன் என்றும் உழைப்பு என்றும் நினைத்துப் பொறாமைப்படும் போன் திரை உடம்புகளில் சில இந்தக் கணக்கில் வந்தவை. ஆனால் வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விதைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், நிறுத்திய பிறகும் மீள மாதக்கணக்கில் ஆகும். நல்ல கொழுப்பு இறங்கும், இதயத்தசை தடிக்கும். அந்தக் குப்பியில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி.

போன வாரம் போன்ல முதல் பதிலை வாபஸ் வாங்கினேன். "ஜீன் இருக்குடா. நண்பன் அளவுக்கு நீ வராமலே போகலாம். ஆனா உன்னுது எதுவரைக்கும் வரும்னு நீ இன்னும் பார்க்கவே இல்ல." கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ எத்தனை மாசம்?"னு கேட்டான். ஒரு நோட்டு போட்டிருக்கோம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடை கூட்டணும், தினம் மூணு முட்டை, ஒரு கை வேர்க்கடலை, சாயங்காலம் கொண்டைக்கடலை. ஆறு மாசம் கழிச்சு நோட்டைப் பார்க்கலாம்னு பேச்சு. ஊசியைப் பத்தி அதுவரைக்கும் பேசறதில்லைன்னு ஒத்துக்கிட்டான். முட்டைக் கணக்கை அம்மாதான் எழுதறாங்க.