சுரண்டுவதற்கு முன் ஒரு ஸ்கேன்

‘புற்றுநோய் இல்லை’ என்று மருத்துவர் சொன்னதும் பாதி பயம் போய்விடும். கருப்பையில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நிம்மதி நியாயமானதுதான். 50 வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு வந்துவிடுகிற ஃபைப்ராய்டு என்னும் நார்க்கட்டி பலருக்கு எந்தத் தொல்லையும் தருவதில்லை. ஆனால், கருப்பையின் இரத்தநாளங்களே பெருகித் திரளும் ஹெமாஞ்சியோமா என்ற அபூர்வக் கட்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. அது பரவாது, உடைந்தால் கொட்டும். 1897-இல் முதன்முதலாகப் பதிவான நோயாளி, இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற 24 மணி நேரத்தில் இறந்துபோன இளம்பெண். காரணம் பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

இந்தக் கட்டிக்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. 1926-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் இருவர் விவரித்த இது, சரியாகச் சொன்னால் கட்டியே அல்ல, நாளக் கோளாறு. தமனியின் இரத்தம் நுண்குழாய்களில் புகுந்து அழுத்தம் தணிந்த பிறகே சிரைக்குப் போக வேண்டும். இங்கே இரண்டும் நேராக இணைந்துவிடுவதால், மெல்லிய சுவருடைய சிரை தமனியின் முழு வேகத்தையும் தாங்குகிறது. சிலருக்கு இது பிறவியிலேயே இருக்கும். பலருக்குக் கருச்சிதைவு, சிசேரியன், கருப்பையின் உட்புறத்தைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி ஆகியவற்றுக்குப் பின் உண்டாகிறது. சிக்கல் இங்குதான். கருச்சிதைவுக்குப் பிறகு இரத்தப்போக்கு நிற்காவிட்டால், உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது என்று கருதி மறுபடி ‘கழுவிவிடுவது’ வழக்கம். பெரும்பாலும் அது சரியான ஊகமே. இந்த நாளக் கோளாறு இருக்கும் இடத்தைச் சுரண்டினாலோ, நிறுத்த வந்த சிகிச்சையே பெருக்கைத் திறந்துவிடும். இரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் கர்ப்ப ஹார்மோன் அளவைச் சொல்லும் இரத்தப் பரிசோதனையும் முதலில் வேண்டும் என்பது அதனால்தான்.

இவ்வளவு அரிதான ஒன்றுக்காக எல்லாரையும் பயமுறுத்தலாமா? மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள காஹாங்கை நினைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிற்றூர் அது. மாவட்ட மருத்துவமனை குளுவாங்கில். ஜொகூர் பாருவின் பெரிய மருத்துவமனைகள் 100 கிலோமீட்டருக்கும் அப்பால். பெருக்கு தொடங்கிய பிறகு காரணம் தேடுவதற்கு அந்தத் தூரம் அவகாசம் தராது. அவசரமில்லாத நிலையில் டாப்ளர் பார்த்துவிட்டால், எங்கே சிகிச்சை செய்வது, இரத்தம் தயாராக இருக்கிறதா என்பதையெல்லாம் நிதானமாக முடிவுசெய்யலாம். பெருக்கு ஏற்கெனவே உயிரை வாங்கும் அளவுக்குப் போயிருந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்கச் சொல்லவில்லை. அப்போது கையில் எது உண்டோ அதுதான் மருத்துவம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் மருத்துவர்களிடமிருந்து வருகிறது. கருச்சிதைவுக்குப் பின் டாப்ளரில் கூடுதல் இரத்த ஓட்டம் தெரிவது புதிதல்ல. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் ஆறும்வரை அப்படித்தான் இருக்கும், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஸ்கேனில் நிறம் தெரிந்ததற்கெல்லாம் ‘நாளக் கோளாறு’ என்று பெயர் சூட்டினால், தேவையற்ற சிகிச்சை பெருகும். உண்மைதான். ஆனால் அந்த வாதம் ஸ்கேனுக்கு எதிரானதல்ல, அவசரத்துக்கு எதிரானது. இரத்தப்போக்கு குறைவாகவும் ஹீமோகுளோபின் நிலையாகவும் இருந்தால், சில வாரம் பொறுத்து மறுபடி ஸ்கேன் பார்ப்பதே போதுமான வைத்தியமாக இருக்கலாம்.

கருப்பையையே எடுத்துவிட்டால் தொல்லை தீராதா என்பார்கள். தீரும், பிள்ளைப்பேறு போதும் என்றவர்களுக்கும், வேறு எதற்கும் இரத்தம் அடங்காதவர்களுக்கும் அது சரியான வழியே. மற்றவர்களுக்கு அதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயைச் செலுத்தி, கருப்பைத் தமனியை உள்ளிருந்தே அடைக்கும் எம்போலைசேஷன் இன்று உண்டு. அதற்குப் பின் கருத்தரித்துப் பிள்ளை பெற்ற பெண்களும் இருக்கிறார்கள். இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை என்பதால், கருப்பையை எடுக்கச் சம்மதப் படிவம் நீட்டப்படும்போது, அவசரநிலை இல்லையென்றால், எம்போலைசேஷன் செய்யும் மருத்துவமனைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்கலாம். முன்பு செய்த டி அண்ட் சி, சிசேரியன் விவரங்களையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். டாப்ளரில் தெரிவதை மருத்துவர் சரியாகப் படிக்க அவை தேவைப்படும்.