'அப்பா என்ன வேலை?' என்று கேட்டால்...

காசிமேட்டில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, கடல் உயிரியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு பி.எச்டி. நேர்முகத் தேர்வுக்குப் போனாள். பாடத்தைவிட, 'வீடு எங்கே? அப்பா என்ன வேலை? கல்யாணம் ஆனா பாதியில விட்டுட்டுப் போயிடுவியேம்மா?' என்ற கேள்விகள்தான் அதிகமாம்!

அவள் கூசவும் இல்லை, கோபப்படவும் இல்லை. 'வீடு காசிமேடு, சார். அப்பா கடலுக்குப் போறவர். வலையில விழுற மீன் ஏன் வருஷா வருஷம் மாறுதுன்னு கேட்பார். அதைத்தான் ஆராயப் போறேன்' என்றாளாம். கல்யாணக் கேள்விக்கு, 'யு.ஜி.சி.யோட 2022 விதியிலேயே பெண்களுக்கு 2 வருஷம் கூடுதல் அவகாசம், 240 நாள் வரை பிரசவ விடுப்பு எல்லாம் இருக்கே சார். கண்டிப்பா முடிச்சிடுவேன்' என்றாளாம். இடம் கிடைத்துவிட்டது!

வக்கீல் ஆபீசில் வேலை செய்யும் என் தம்பி ஒரு விஷயம் சொன்னான். ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில், பெற்றோர் யார், ஊர் எது என்று இரண்டு, மூன்று நிமிஷம் மட்டும் கேட்டு மார்க் போட்டதாக ஒரு வழக்கு. மொத்தம் 150 மார்க்கில் நேர்முகத்துக்கு மட்டும் 50 என்பது ரொம்ப அதிகம் என்று சுப்ரீம் கோர்ட் 1980-லேயே கண்டித்ததாம். ஆனால் பி.எச்டி. சேர்க்கையில் இன்றும் நூற்றுக்கு 30, நேர்முகத்துக்குத்தான். அதை அழுதோ, பொய் சொல்லியோ கோட்டை விடலாமா?

தாய்மார்களே, நமக்குப் பாடம் தெரியாவிட்டால் என்ன? இந்தக் கேள்விகளை நாமும் கேட்கலாமே! அடுப்படியில் நின்றபடியே நாலு நாள் கேட்டு, பதில் சொல்லிப் பழக்குங்கள். உழைத்துச் சாப்பிடும் அப்பாவின் தொழிலைச் சொல்ல நம் பெண்கள் ஏன் தலைகுனிய வேண்டும்?

- ஒரு வாசகி, காசிமேடு.