உடல் மெலியும்போது முகம் வாடாமல் காப்பது எப்படி?

நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் கிழமைக்கு ஒரு தடவை போடும் ஊசி மருந்துகள் இன்று எம்மவர் வீடுகளிலும் சாதாரணமாகிவிட்டன. செமாகுளுட்டைட் (ஓசெம்பிக், வீகோவி), டிர்செப்படைட் (மஞ்சாரோ) என்பன இவற்றுள் முக்கியமானவை. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், செமாகுளுட்டைட் எடுத்தவர்கள் 68 கிழமைகளில் சராசரியாகத் தமது நிறையில் 15 சதவீதத்தை இழந்தனர். 80 கிலோ உள்ளவர் 68 கிலோவுக்கு இறங்குவது போல.

இது நல்ல செய்திதான். ஆனால் கோயிலிலோ கலியாண வீட்டிலோ கண்டவர்கள், "என்ன, முகமெல்லாம் வத்திப் போச்சு, ஏதும் வருத்தமோ?" என்று கேட்கிறார்கள். யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்ட எங்களுக்கு மெலிந்த முகம் என்றால் பட்டினியும் நோயும்தான் நினைவுக்கு வரும். இந்தக் கேள்விக்குப் பயந்து மருந்தைத் தாமாகவே நிறுத்துபவர்களும் உண்டு. பிறகு சீனி ஏறுகிறது. இழந்த நிறையில் பெரும்பகுதியும் திரும்பி வருகிறது.

முகம் ஏன் வாடுகிறது?

கன்னம், நெற்றிப்பொட்டு, கண்ணின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் தோலுக்குக் கீழே கொழுப்புப் படலங்கள் உள்ளன. முகத்துக்கு உருட்சியைக் கொடுப்பவை இவையே. உடற்கொழுப்பு கரையும்போது இவையும் கரைகின்றன. 40 வயதுக்கு மேல் தோலின் மீள்தன்மை குறைவதால், தோல் அதே வேகத்தில் சுருங்காமல் தொய்கிறது. உணவுக் கட்டுப்பாட்டால் அல்லது சத்திரசிகிச்சையால் விரைவாக மெலிந்தாலும் இதுவேதான் நடக்கும். மருந்து முகத்தை நேரடியாகத் தாக்குகிறது என்று எண்ண வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை

1. வேகத்தைக் குறையுங்கள். கிழமைக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது போதும். அதற்கு மேல் தொடர்ந்து இறங்கினால் வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் கூட்டாமல் சில காலம் அப்படியே வைத்திருக்கலாம்.

2. புரதத்தை முதலில் உண்ணுங்கள். பசி குறைந்தவுடன் எம்மவர் பலர் தேநீரும் இரண்டு பிஸ்கட்டுமாக நாளைக் கழிக்கிறார்கள். கொழுப்போடு தசையும் கரைய இது வழி செய்யும். உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 கிராம் புரதமாவது தேவை. ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. மீன், கோழி, பருப்பு, கடலை, பயறு, தயிர் ஆகியவற்றைச் சாப்பிட்ட பிறகு சோற்றையோ பிட்டையோ உண்ணுங்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

3. தசைக்கு வேலை கொடுங்கள். நடை மட்டும் போதாது. கிழமையில் இரண்டு நாளாவது பாரம் தூக்குதல், கதிரையிலிருந்து எழுந்து இருத்தல் போன்ற பயிற்சிகளைச் செய்யுங்கள்.

4. வெயிலிலிருந்து காத்துக்கொள்ளுங்கள். கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பது தவறு. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சூரியக் காப்புக் கிறீமைப் பூசுங்கள். புகைத்தலை விடுங்கள். போதியளவு தண்ணீர் குடியுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

கடைகளில் விற்கும் சில வெள்ளையாக்கும் கிறீம்களில் ஸ்டீரொயிட்டும் பாதரசமும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. ஸ்டீரொயிட் தோலை இன்னும் மெலிதாக்கும். எண்ணெய் பூசித் தேய்ப்பதால் கரைந்த கொழுப்பு திரும்பாது. முகத்தை நிரப்பும் ஊசிகளுக்கு அவசரப்பட வேண்டாம். நிறை சில மாதங்கள் ஒரே அளவில் நின்ற பின் யோசிக்கலாம். அதையும் தகுதி பெற்ற மருத்துவரிடமே செய்யுங்கள். தவறான இடத்தில் போட்டால் இரத்தக்குழாய் அடைபட்டு, அரிதாகப் பார்வையும் போகலாம்.

இவற்றையெல்லாம் செய்தாலும் முகம் ஓரளவு மெலியத்தான் செய்யும். முகத்தை மட்டும் விட்டுவிட்டு உடலை மெலிய வைக்க வழியில்லை.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

மருந்தோ உணவுக் கட்டுப்பாடோ இன்றி நிறை குறைந்தால் காத்திருக்காதீர்கள். கட்டுப்பாடற்ற நீரிழிவு, தைரொயிட் நோய், காசநோய், புற்றுநோய் ஆகியவை இப்படி வெளிப்படலாம். ஊசி போடுபவர்கள் ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி இருந்தால் உடனே சிகிச்சை பெறுங்கள்.

உறவினருக்கும் ஒரு வேண்டுகோள். மெலிந்தவரைக் கண்டால் முகத்தைப் பற்றிக் கேட்காமல், "சுகமாக இருக்கிறீர்களா?" என்று கேட்போம். மருந்தை நிறுத்துவதா, தொடர்வதா என்பதை அவரும் அவருடைய வைத்தியரும் பேசி முடிவு செய்யட்டும்.