பாங்காக்கில் முதல் நாள்

மொழி தெரியாத ஊரில் போய் இறங்குவது நமக்கொன்றும் புதிதல்ல. வேலை கிடைத்து ஹௌரா ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது நம்மில் எத்தனை பேருக்கு வங்காளம் தெரியும்? டிராம் நம்பரைப் பார்த்தும், காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டியும் கொல்கத்தாவைக் கற்றுக்கொண்டவர்கள்தானே நாம்! ஆனாலும் 'வெளிநாடு' என்றதும் ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. "குரூப் டூரில் போங்கப்பா, தனியாக அலைய வேண்டாம்" என்றான் என் மகன். அந்தக் கட்டணத்தில் பாதிகூட எங்கள் கையில் இல்லை. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணம். அறை வாடகை நீங்கலாக, இருவருக்கும் நாளொன்றுக்கு 1,500 பாட்டுக்கு மேல் போகக்கூடாது என்று எழுதி வைத்துக்கொண்டு புறப்பட்டோம். ஒரு பாட் என்பது நம் பணத்தில் இரண்டரையிலிருந்து மூன்று ரூபாய்க்குள்.

ஐந்து நாள் பயணத்தில் முதல் நாள்தான் முக்கியம் என்பது என் எண்ணம். அன்று மிரண்டுவிட்டால், மீதி நாட்களும் டாக்சிக்கும் தரகருக்கும்தான் போகும்.

பாற்கடலும் பாதாள ரயிலும்

கொல்கத்தாவிலிருந்து இரண்டரை மணி நேரப் பறப்பு. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு, விடியும் முன் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினோம். 2006-இல் திறக்கப்பட்ட நிலையம். பெயரே நமக்குப் புரிகிறது, பொன் நிலம்! உள்ளே தேவரும் அசுரரும் வாசுகியைப் பிடித்துப் பாற்கடலைக் கடையும் பெரிய சிற்பம். "என்னங்க, நம்ம ஊர்க் கோயிலுக்கு வந்த மாதிரி இருக்கே" என்றாள் என் மனைவி. பாதி பயம் அங்கேயே போயிற்று.

டாக்சிக்கு மீட்டர் பணம், விமான நிலையக் கட்டணம், சுங்கச் சாலைக் கட்டணம் என்று மூன்று வகைச் செலவு. நாங்கள் நேரே கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். ரயில் நிலையம் அங்கேதான். அதன் அருகிலேயே பணம் மாற்றும் கவுன்டர்களும் உண்டு. மேல்தளத்து வங்கிக் கவுன்டர்களைவிட இங்கே கூடுதலாகக் கிடைத்தது. ஃபயா தாய் வரை சுமார் அரை மணி நேரம், ஆளுக்கு 45 பாட். அங்கே வான்ரயில் ஏறி, சயாம் நிலையத்தில் வண்டி மாறி, சபான் தக்சின் போய்ச் சேர்ந்தோம். எங்கள் தங்குமிடம் அதன் அருகே. அறை பிற்பகல்தான் கிடைக்கும் என்றார்கள். பைகளை மட்டும் ஒப்படைத்து, முகம் கழுவிக்கொண்டு கிளம்பினோம்.

பதினாறு பாட்டுக்கு ஆற்றுப் பயணம்

பாங்காக்கில் பணம் குறைந்தவனுக்கு உற்ற துணை சாவ் பிரயா ஆறு. நிலையத்துக்குக் கீழேயே படகுத்துறை. சுற்றுலாப் பயணிகளுக்கென்று நீலக்கொடிப் படகு தனியாக இருக்கிறது. ஆரஞ்சுக் கொடிப் படகில் ஊர்க்காரர்கள் ஏறுகிறார்கள். எங்கு இறங்கினாலும் நாங்கள் போனபோது 16 பாட்தான். கண்டக்டர் அம்மாள் சில்லறை போட்ட நீள உலோகக் குழலைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு வருகிறார். அந்தச் சத்தம்தான் "டிக்கெட், டிக்கெட்" என்பதற்கு பதில்! பள்ளிப் பிள்ளைகள், காவி உடுத்த பிக்குகள், அலுவலகம் போகிறவர்கள் என்று எல்லோரும் அதில்தான். ஹூக்ளியில் படகேறிப் பழகிய நமக்கு இதில் என்ன கஷ்டம்?

தா தியன் துறையில் இறங்கினால் எதிர்க்கரையில் வாட் அருண். அருணனின் பெயரால் விளங்கும் கோயில். சீனப் பீங்கான் துண்டுகள் பதித்த கோபுரம் காலை வெயிலில் மின்னியது. அக்கரைக்குப் போகப் படகு உண்டு. நாங்கள் இக்கரையிலிருந்தே கண்குளிரப் பார்த்துவிட்டு வாட் போ கோயிலுக்கு நடந்தோம்.

அரண்மனை மதிலோரம் நன்றாக உடுத்திய ஒருவர், "இன்று விடுமுறை, எல்லாம் மூடியிருக்கிறது. 20 பாட்டுக்கு ஆட்டோவில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்றார். அந்த ஆட்டோ கடைசியில் ரத்தினக் கடையில் போய் நிற்கும் என்று முன்பே படித்திருந்தேன். கைகூப்பிவிட்டு நடையைக் கட்டினோம். கோயில் திறந்துதான் இருந்தது.

வாட் போவுக்கு ஆளுக்கு 300 பாட். அன்றைய பெரிய செலவு இதுதான். ஆனால் 46 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமும் கொண்ட சயன புத்தரைப் பார்த்தபின் பணம் நினைவில் இல்லை. பாதங்களில் முத்துச்சிப்பியால் இழைத்த 108 மங்கலச் சின்னங்கள். பக்கத்தில் வரிசையாக 108 வெண்கலப் பாத்திரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். பிரதான மண்டபத்தைச் சுற்றி இராமாயணக் காட்சிகள் செதுக்கிய 152 பளிங்குப் பலகைகள். அனுமனைக் கண்டுபிடிப்பதில் என் மனைவிக்கு ஒரு மணி நேரம் போயிற்று!

சாப்பாட்டுக் கவலை

சைவம் சாப்பிடுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே வெறும் காய்கறி வதக்கலிலும் மீன் சாறு விழும். மஞ்சள் பலகையில் சிவப்பில் '17' போல ஓர் எழுத்து இருந்தால் அது 'ஜே' கடை. மாமிசம், மீன், முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் கிடையாது. அப்படியொரு கடையில் சோறும் காளானும் சோயாக் கட்டிக் குழம்பும் இருவருக்கும் 120 பாட்டில் முடிந்தது. கடைக்காரம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. பாத்திரங்களைக் காட்டினோம், பரிமாறினார். அவ்வளவுதான்.

விருந்தாளிக் கோயில்

பிற்பகலில் பெரிய ஊஞ்சலைப் பார்க்க நடந்தோம். சிவப்பு வண்ணத் தேக்குத் தூண்கள் விண்ணைத் தொட நிற்கின்றன. ஊஞ்சலாடும் சடங்கு 1935-இல் நின்றுவிட்டது. அருகே 1784-இல் முதலாம் ராமா மன்னர் கட்டுவித்த தேவஸ்தானம் என்ற பிராமணர் கோயில். நம் மார்கழியை ஒட்டி இங்கே நடக்கும் விழாவின் பெயர் திரியம்பாவாய். நம் திருவெம்பாவையேதான்! திருவெம்பாவையும் திருப்பாவையும் உச்சரிப்பு உருமாறி இன்றும் இங்கே ஓதப்படுகின்றன.

அந்தி சாயும் நேரம் சிலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போக நிலையத்துக்கு வந்தோம். சரியாக ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம். ஓடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. நாங்களும் நின்றோம். கீதம் முடிந்ததும் மறுபடி ஓட்டம்.

மாரியம்மன் கோயிலை 19-ஆம் நூற்றாண்டில் இங்கு குடியேறிய தமிழர்கள் எழுப்பினார்கள். தாய்லாந்துக்காரர்கள் இதை 'வாட் கேக்' என்கிறார்கள். இந்தியரைக் குறிக்கும் 'கேக்' என்ற அந்தச் சொல்லுக்கு விருந்தாளி என்பதே பொருள். ஆனால் அன்று சன்னதியில் தாமரையும் சாமந்தியும் ஏந்தி நின்றவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்களே. வந்தவர்கள் கட்டிய கோயிலை ஊரே தனதாக்கிக்கொண்டிருக்கிறது. பிற மாநிலத்தில் கோயிலும் சங்கமும் கட்டிக்கொண்டிருக்கும் நமக்கு இதைவிட வேறென்ன நிறைவு வேண்டும்?

இரவு அறையில் கணக்குப் பார்த்தேன். 1,200 பாட்டுக்குச் சற்று மேல். மிச்சப் பணம் மறுநாள் அரண்மனை நுழைவுச் சீட்டுக்கு ஆயிற்று. அயலூரில் நம் பையைக் கரைப்பது பயம்தான். பயந்தவர் டாக்சி தேடுவார், தரகரை நம்புவார், பெரிய ஹோட்டலில் ஒதுங்குவார். ஊர்க்காரர் ஏறும் படகில் ஏறி, அவர் சாப்பிடும் கடையில் சாப்பிடத் துணிந்தவருக்குச் செலவும் குறைவு, ஊரும் சீக்கிரம் சொந்தமாகும். அந்தப் பயிற்சியை நாம் என்றோ முடித்துவிட்டோம். பாஸ்போர்ட் எடுத்து அலமாரியில் வைத்திருக்கும் அன்பர்களே, விசா விதிகளை ஒருமுறை விசாரித்துக்கொண்டு, துணிந்து புறப்படுங்கள்!