ஒரு தடவல் சுண்ணாம்பு

மேலை நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள் பலருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. பீர் வரும் குழாய்க்கு விதவிதமாகப் பிடி செய்து மாட்டுவார்கள். மான் கொம்பு, பழைய சுத்தியல், உடைந்த மட்டை என்று எது கிடைத்தாலும் பிடியாகிவிடும். பிடியை இழுத்தால் பானம் கொட்டும். உடன்குடிப் பக்கத்துப் பனை விளைகளிலும் பானம் உண்டு, கையால் செய்த கருவிகளும் உண்டு. அங்கே பீப்பாய் பனைமரம், குழாய் அதன் பாளை.

உடன்குடி இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கே, திருச்செந்தூரிலிருந்து சாத்தான்குளம் வரை தேரி எனப்படும் செம்மணல் மேடு விரிந்து கிடக்கிறது. வேறு பயிர் தயங்கும் அந்த மணலில் பனை கம்பீரமாக நிற்கும். மாசி, பங்குனியில் பாளை விடத் தொடங்கினால் ஆடி வரை பனையேறிக்கு ஓய்வில்லை.

அவருடைய கருவிகளைப் பாருங்கள். கால்களைப் பிணைக்கும் தளைநார் பனை மட்டையில் உரித்தது. இடுப்பின் பின்னால் தொங்கும் அருவாப்பெட்டியையும் பனையின் பத்தையிலேயே செய்துகொள்வதுண்டு. பதநீர் சுமக்கும் தோண்டி பனை ஓலையில் முடைந்தது. கடையில் வாங்க வேண்டியவை அருவாளும் மண் கலயமும்தான். மற்றதில் பெரும்பகுதியை மரமே தருகிறது. ஏறும் மரத்திலிருந்தே ஏறுவதற்கான கயிறு!

இந்தக் கருவிகளில் நுட்பமானது கடிப்பு. பார்ப்பதற்கு நீண்ட மர இடுக்கி, அவ்வளவுதான். இளம் பாளையை இதில் கவ்வி, நாள்தோறும் இதமாக நசுக்க வேண்டும். பனையில் ஆண், பெண் என இரண்டு உண்டு. ஆண் பனையின் பாளை விரல் விரலாக நீண்டிருக்கும். பெண் பனையின் பாளையில் குரும்பைகள் திரண்டிருக்கும். எனவே இரண்டையும் ஒரே மாதிரி நசுக்க முடியாது. அழுத்தம் குறைந்தால் சாறு சுரக்காது, கூடினால் பாளை கருகிவிடும். எவ்வளவு அழுத்துவது என்பதைக் கை பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நசுக்குவது எதற்கு? இலைகள் சமைக்கும் சர்க்கரை, நுண்ணிய குழாய்கள் வழியே பூவுக்கும் காய்க்கும் போகிறது. பாளையின் நுனியைச் சீவினால் அந்தச் சாறு வெளியே சொட்டும். ஆனால் மரம் தன் காயத்தை அடைத்துக்கொள்ளப் பார்க்கும். நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவிப் புது வாய் திறந்துகொண்டே இருந்தால்தான் ஒழுக்கு நிற்காது. மழுங்கிய அருவாள் குழாய்களை நசுக்கி அடைத்துவிடும். அதனால்தான் பனையேறி மரப்பலகையில் வெங்கச்சங்கல் பொடி தூவி, அருவாளைச் சவரக்கத்திபோலத் தீட்டிக்கொள்கிறார்.

பாளை நுனியில் கலயத்தைக் கட்டுவதற்கு முன் நடப்பதுதான் இந்தத் தொழிலின் ரசாயனம். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவுகிறார். முத்துக்குளித்துறையின் கரையில் சிப்பிக்கா பஞ்சம்? அதைச் சுட்டு நீற்றினாலும் சுண்ணாம்புதான். சொட்டும் சாற்றில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே சர்க்கரை இருக்கும். காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டுக்கு அது விருந்து. சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்கு மாற்றிவிடுவதால் ஈஸ்ட் அதில் பெருக முடியாது. சாறு இனிப்பாகவே இறங்குகிறது, அதுவே பதநீர். சுண்ணாம்பு தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நுரைத்து, பீரை ஒத்த போதையுள்ள கள் ஆகும். இன்னும் விட்டுவைத்தால் புளித்துக் காடி ஆகும். மரமும் பாளையும் கலயமும் ஒன்றுதான். கள்ளா பதநீரா என்று தீர்மானிப்பது ஒரு தடவல் சுண்ணாம்பு.

இறக்கிய பதநீர் விடிலிக்குப் போகிறது. அந்த ஓலைக் குடிசைக்குள் அடுப்பு எரியும். சட்டியில் பதநீர் பொங்கி வழிய வரும்போது இடித்த ஆமணக்கு விதையைச் சிறிது போட்டால் நுரை சட்டென அடங்கும். அதன் எண்ணெய் நுரைக்குமிழிகளை உடைத்துவிடுகிறது. பாகின் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள், உருண்டால் பதம். அதைச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. கருப்பட்டி ஏன் அரைக்கோளமாக இருக்கிறது என்பதற்கு விடை அந்தத் தேங்காய்ச் சிரட்டைதான்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. பதநீர் இறக்கலாம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு கிடைத்துவிட்டது. கைப்பக்குவத்துக்குத்தான் காப்பு இல்லை. உயரமும் விழும் அபாயமும் குறைந்த வருமானமும் இளைஞர்களை மரத்திலிருந்து இறக்கிவிட்டன. கடிப்பின் அழுத்தத்தைக் கற்றுக்கொள்ள ஆளில்லாமல் போனால், பனை நின்றும் பயனில்லை.

திருச்செந்தூர் போகும் வழியில் ஓலைப் பட்டையில் பதநீர் வாங்கிக் குடித்தால், அடியில் லேசாக வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கென்று முகம் சுளிக்க வேண்டாம். நீங்கள் குடிப்பது கள்ளாகாமல் காத்த சுண்ணாம்பு அது.