சிரிக்கச் சொல்லாமல் ஒரு போட்டோ
மாணவர்களுக்கு ஏற்ற கேமரா, கம்ப்யூட்டர் புராஜெக்ட்

உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ படிக்கும் பிள்ளை இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்து பாருங்கள். அவர்களுடைய போட்டோக்கள் அனைத்தையும் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் ஒரே போல்டரில் சேர்த்திடுங்கள். மொட்டை, காதுகுத்து, முதல் பிறந்தநாள், பள்ளியில் சேர்ந்த நாள் என்று சிறு வயதுப் படங்கள் ஏராளமாகக் கிடைக்கும். 13 வயதுக்குப் பின் எடுத்தவை எத்தனை? ஹால் டிக்கெட்டுக்காக ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம், கல்யாண ஆல்பத்தில் ஓரமாக நிற்கும் படம், கையை நீட்டி அவர்களே எடுத்துக்கொண்ட செல்பிக்கள். பல வீடுகளில் இவ்வளவுதான் இருக்கும்.

மனம் அதிகமாக அலைபாயும் வயது இது. அந்த மனது தெரிகிற படம்தான் நம்மிடம் இருப்பதில்லை. இதனையே ஒரு புராஜெக்டாக எடுத்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் இருக்கும் பிளஸ் ஒன் மாணவி ஒருவர் செய்தார். கம்ப்யூட்டர் வேலைகளுக்காக என் வீட்டிற்கு வந்ததால் தொடக்கம் முதல் முடிவு வரை கூடவே இருந்து பார்த்தேன். போன் கேமரா, சாதாரண கம்ப்யூட்டர், இலவச சாப்ட்வேர் ஒன்று. அவர் பயன்படுத்தியவை இவை மட்டுமே. உங்கள் பிள்ளைகளும் செய்யலாம்.

ஆடாதே, அசையாதே

திருச்சிக்காரர்களுக்கு முதலில் ஒரு பழைய செய்தி. மெட்ராஸ் அரசின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, ஸ்ரீரங்கம் கோவிலையும் திருச்சியையும் படம் எடுத்தார். இரண்டு ஊர்களுக்கும் தனித்தனி ஆல்பங்கள் 1858ல் வெளியாயின. கோபுரம், மண்டபம், பாறை எல்லாம் அவற்றில் துல்லியமாக இருக்கின்றன. மனிதர்கள்தான் மிகவும் குறைவு. அவர் பயன்படுத்தியது ரசாயனம் பூசிய காகித நெகட்டிவ். அதில் படம் பதிய நீண்ட நேரம் வெளிச்சம் விழ வேண்டும். அதற்குள் ஆள் அசைந்தால் மங்கலாகிவிடும். நடந்து போனால் பதியாமலே போகும். கல் அசையாது என்பதால் பதிந்தது.

இன்று உங்கள் போன், நல்ல வெளிச்சத்தில் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுத்துவிடுகிறது. ஆனாலும் நாம் “ஆடாதே, நேரா நில்லு, கொஞ்சம் சிரி” என்று சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. படத்தில் முகம் விழுகிறது, ஆள் விழுவதில்லை.

எங்கள் தெரு மாணவியும் இப்படித்தான் தொடங்கினார். பள்ளியில் தந்த தலைப்பு “உணர்ச்சிகள்”. கோபம், சோகம், பயம், மகிழ்ச்சி என்று பட்டியல் எழுதி, தோழிகளை அதற்கேற்ப முகம் காட்டச் சொல்லி 40 படங்கள் எடுத்து வந்தார். கம்ப்யூட்டரில் பெரிதாகப் போட்டுப் பார்த்ததும் அவரே உதட்டைப் பிதுக்கினார்.

“எல்லாம் ஆண்டு விழா டிராமா மாதிரியே இருக்கு, மாமா.”

பாலைவனத்தில் ஒரு போட்டோ கடை

அப்போதுதான் நான் அவருக்குக் கவுரி கில் எடுத்த படங்களைக் காட்டினேன். 1970ல் சண்டிகரில் பிறந்த இவர், இந்தியாவின் முக்கியமான போட்டோகிராபர்களில் ஒருவர். 2023ல் ப்ரீ பிக்டே என்னும் சர்வதேச விருதினைப் பெற்றவர். ராஜஸ்தானில் லூன்கரன்சர் என்ற பாலைவன ஊரில், உர்முல் சேது சன்ஸ்தான் என்ற தொண்டு நிறுவனம் 2003ல் வளரிளம் பெண்களுக்கென்று ஒரு திருவிழா நடத்தியது. பாலிகா மேளா என்று பெயர். சுமார் 70 கிராமங்களிலிருந்து ஏறக்குறைய 1,500 பெண்கள் வந்தார்கள். ராட்டினம், பொம்மலாட்டம், மேஜிக் ஆகியவற்றுக்கு நடுவில் கவுரி கில் ஒரு போட்டோ கடை போட்டார். துணிக் கூரை, உள்ளூர் ஸ்டுடியோவிலும் துணிக்கடையிலும் கிடைத்த திரைகள், கையில் வைத்துக்கொள்ளச் சில பொருட்கள். இவ்வளவுதான் செட்டிங்.

அங்கே எப்படி நிற்பது, யாருடன் நிற்பது, கையில் எதை வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் பெரும்பாலும் அந்தப் பெண்களே முடிவு செய்தார்கள். சிலர் தனியாக வந்தார்கள். சிலர் உயிர்த்தோழியுடன் வந்தார்கள். பலரின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட அந்தப் படங்கள் பின்னர் 2012ல் புத்தகமாக வந்தன. மேளாவுக்கு வந்த பெண்களில் சிலர் அந்த ஆண்டே கேமரா பயிற்சியில் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் கழித்து அதே திருவிழாவைத் தாங்களே படம் எடுத்தார்கள் என்பதும் கவனிக்க வேண்டிய செய்தி.

நம் தமிழ்நாட்டிலும் இப்படிக் கேமராவினைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பவர் இருக்கிறார். தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து படம் எடுத்துவரும் எம். பழனிக்குமார், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் போட்டோ வகுப்புகள் நடத்தி வருகிறார். 2017ல் வந்த “கக்கூஸ்” ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் இவர்தான்.

மூன்று கேள்விகள்

கவுரி கில்லிடம் கற்றதை வைத்து மாணவி தன் முறையினை மாற்றினார். “சிரி”, “சோகமா பாரு” என்று சொல்வதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் கேட்டார். எங்கே இருக்க உனக்குப் பிடிக்கும்? தனியாகவா, யாருடனாவதா? கையில் என்ன வேண்டும்?

பதில்கள் வித்தியாசமாக வந்தன. ஒரு மாணவன் மொட்டை மாடிக்கு அழைத்துப் போனான். பின்னால் 236 அடி ராஜகோபுரம் அழகாகத் தெரிந்தது. அவனோ, “கோபுரம் வேண்டாம். தண்ணி டேங்க் பக்கத்துல எடு. மனசு சரியில்லேன்னா நான் அங்கதான் உக்காருவேன்” என்றான். இரண்டு தோழிகள் ஒரே ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார்கள். இன்னொரு பெண் மூடிய கதவின் முன்னால் சாவிக்கொத்துடன் நின்றாள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீடு அது. யாரும் நடிக்கவில்லை. பட்டியலில் எழுதிய நான்கு உணர்ச்சிகளில் எதிலும் அடங்காத முகங்கள் கிடைத்தன.

படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பிளாஷை ஆப் செய்திடுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ பக்கவாட்டில் விழும் வெளிச்சம் போதும். நடுப்பகலில் காவிரி மணலில் நிறுத்தினால் கண் சுருங்கும், கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். போனை முகத்துக்கு மிக அருகில் கொண்டு போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். எனவே ஐந்தாறு அடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூமில் எடுங்கள். பல போன்களில் முகத்தை வழவழப்பாக்கும் பியூட்டி வசதி தானாகவே ஆன் ஆகியிருக்கும். அதனையும் நிறுத்திவிடுங்கள். பருவும் அந்த வயதின் அடையாளம்தான்.

இனி கம்ப்யூட்டரில்

போனை யு.எஸ்.பி. கேபிள் மூலம் இணைத்திடுங்கள். போன் திரையில் கேட்கும்போது “பைல் டிரான்ஸ்பர்” என்பதனைத் தேர்ந்தெடுங்கள். பைல் எக்ஸ்புளோரரில் போனின் பெயர் தெரியும். அதனுள் டி.சி.ஐ.எம். என்ற போல்டரில் கேமரா போல்டர் இருக்கும். படங்களைக் காப்பி செய்து, பிக்சர்ஸ் போல்டரில் தேதியிட்ட புதிய போல்டரில் ஒட்டுங்கள். பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை நல்லது. 2025-05-18 என்பது போல வைத்தால், எத்தனை போல்டர்கள் சேர்ந்தாலும் கால வரிசையிலேயே நிற்கும்.

படங்களைப் பார்க்க இர்பான்வியூ என்ற புரோகிராமினைப் பரிந்துரைக்கிறேன். 1996 முதல் கிடைக்கும் இது வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசம். ஒரு படத்தைத் திறந்து கீ போர்டில் “டி” கீயினை அழுத்தினால் போல்டரில் உள்ள எல்லாப் படங்களும் சிறு சிறு கட்டங்களாகத் தெரியும். தேவையானவற்றைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள பைல் மெனுவில் கான்டாக்ட் ஷீட் உருவாக்கும் கட்டளையினைக் கிளிக் செய்தால், அவை ஒரே பக்கத்தில் வரிசையாக அமையும். பிலிம் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் எந்தப் படத்தைப் பெரிதாக்குவது என்று பார்க்கப் பயன்படுத்திய அதே முறை இது.

இந்தப் பக்கத்தைப் படத்தில் இருப்பவரிடமே காட்டி, எது வேண்டும் என்று அவரையே தேர்வு செய்யச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்ற கண்ட்ரோல் + ஜி அழுத்தலாம். மவுஸால் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + ஒய் அழுத்தினால் அந்தப் பகுதி மட்டும் மிஞ்சும். மாற்றியதை எப்போதும் “சேவ் அஸ்” மூலம் வேறு பெயரில் சேவ் செய்திடுங்கள். ஒரிஜினல் பைல் அப்படியே இருக்க வேண்டும்.

12 பேர், 11 படங்கள்

மாணவி மொத்தம் 12 பேரைப் படம் எடுத்தார். அவற்றில் மிகச் சிறந்தது என்று நாங்கள் இருவரும் நினைத்த படத்தில், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது, விழவில்லை. அவளை அழைத்து மானிட்டரில் காட்டியபோது சிறிது நேரம் பார்த்தாள். பிறகு, “அக்கா, இது வேண்டாம். அழிச்சிடுங்க” என்றாள்.

அவள் போன பின் மாணவி என்னிடம், “இருக்கறதுலயே நல்ல படம் மாமா இது. முகத்தைக் கொஞ்சம் இருட்டாக்கி, யாருன்னு தெரியாத மாதிரி செஞ்சு வச்சுக்கலாமா?” என்று கேட்டார். இர்பான்வியூவில் அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால், “முகம் அவளுடையதும்மா. அவ வேண்டாம்னு சொல்லிட்டா” என்றேன். மாணவிக்கு வருத்தம்தான். பேசாமல் மவுஸைப் பிடித்தார்.

அழிப்பதும் ஒரு கிளிக்கில் முடியவில்லை. கம்ப்யூட்டரில் டெலீட் செய்தால் படம் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகிறது. அதனையும் காலி செய்ய வேண்டும், அல்லது ஷிப்ட் + டெலீட் பயன்படுத்த வேண்டும். போனில் அழித்தாலும் ட்ராஷ் என்ற பகுதியில் சில வாரங்கள் இருக்கும். கூகுள் போட்டோஸ் பேக்கப் ஆன் செய்திருந்தால் இணையத்தில் ஒரு பிரதி இருக்கும். பென் டிரைவில் ஒன்று, கான்டாக்ட் ஷீட்டில் ஒன்று. மாணவி ஐந்து இடங்களிலும் தேடி அழித்தார். பள்ளியில் வைத்த புராஜெக்டில் 11 படங்களே இருந்தன.

எனவே தொடங்கும் முன்பே இந்த விதிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 18 வயது நிறையாதவர் என்றால் அவருடைய சம்மதமும் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். பிறகு மனம் மாறினாலும் படம் அழிக்கப்படும் என்று சொல்லிவிடுங்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எதிலும் போடக்கூடாது.

போன் படங்களில் எடுத்த இடமும் ஜி.பி.எஸ். மூலம் பதிவாகியிருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டில் எடுத்த படம் வீட்டு முகவரியையே காட்டிக் கொடுக்கும். பைலினை யாருக்கேனும் தரும் முன் அதன் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் எனச் செல்லுங்கள். சொந்தத் தகவல்களை நீக்கும் லிங்க் கீழே இருக்கும். அதில் கிளிக் செய்து, தகவல்கள் இல்லாத பிரதி ஒன்றினை உருவாக்கி, அதனையே கொடுங்கள்.

பிரிண்ட் போடுங்கள்

தேர்ந்தெடுத்த படங்களைக் காகிதத்தில் பிரிண்ட் எடுங்கள். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்ற கணக்கில் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1,200க்கு 1,800 பிக்ஸல் போதும். 8க்கு 10 அங்குலத்துக்கு 2,400க்கு 3,000 வேண்டும். இன்றைய போன்களில் இது தாராளமாகக் கிடைக்கும். ஸ்டுடியோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். டாகுமெண்ட் ஆக அனுப்புங்கள். படத்தில் இருப்பவருக்கும் ஒரு பிரதி கட்டாயம் கொடுங்கள்.

முடித்த பின் இன்னொன்றும் செய்யலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த ரினேக்கே டைக்ஸ்ட்ரா, போஸ்னியாவிலிருந்து அகதியாக வந்த அல்மெரிசா என்ற சிறுமியை 1994ல் முதன்முதலாகப் படம் எடுத்தார். அவள் வளர வளர 2008 வரை அவ்வப்போது எடுத்தார். பெரும்பாலும் ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். வரிசையாகப் பார்த்தால் ஒரு பெண் வளர்ந்து பெரியவளாவது கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் பிள்ளையின் ஒவ்வொரு பிறந்தநாளன்றும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்டு ஒரு படம் எடுத்திடுங்கள். ஆண்டுக்கு ஒரு போல்டர் போட்டு, கம்ப்யூட்டரில் ஒன்றும் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றுமாக இரண்டு பிரதிகள் வைத்திடுங்கள். எதை வைப்பது, எதை நீக்குவது என்று மட்டும் அவர்களையே கேளுங்கள்.